மஸ்டாங் இடப்பக்கம் ஓடுகிறதா?

வணக்கம் நண்பரே. விமான சிமுலேட்டரில் பி-51ல் (மஸ்டாங், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானம்) வால் சக்கரப் பூட்டுக்கான விசையைக் காணோம், கிளம்பும்போது விமானம் இடப்பக்கம் சுழல்கிறது என்கிறீர்கள். தனி விசை கிடையாது, ஸ்டிக்தான் (விமானத்தை இயக்கும் கைப்பிடி) பூட்டு. நடுவிலோ பின்னாலோ இருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, ரடருடன் (வாலில் உள்ள திசைதிருப்பும் பலகை) சேர்ந்து இருபுறமும் 6 டிகிரி மட்டுமே திரும்பும். முழுக்க முன்னே தள்ளினால் அவிழ்ந்துவிடும். வாலைத் தூக்கும் அவசரத்தில் நீங்கள் செய்வது அதுதான்.

ரடர் ட்ரிமை (ரடரை ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கும் அமைப்பு) வலப்பக்கம் 6 டிகிரி வையுங்கள். கொஞ்ச தூரம் நேராக உருட்டிவிட்டு, ஸ்டிக்கைப் பின்னால் பிடித்தபடி த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோல்) மெல்ல ஏற்றுங்கள். நீங்களும் பெங்களூர்தானே, சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் கற்ற பொறுமை போதும்! நானும் ஒரு மாதம் ஓடுபாதையை விட்டுப் புல்லில்தான் உருண்டேன்.

அப்புறம், ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 கே-4ல் வால் சக்கரப் பூட்டுக்குத் தனி நெம்புகோல் உண்டு. பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயர் 9ல் பூட்டே இல்லை.