65 வயதைத் தாண்டிய அப்பா வாக்கிங் போக மறுக்கிறார். நடந்தால் ஞாபக சக்திக்கு உண்மையிலேயே நல்லதா?

நல்லதுதான். ஆனால் "மறதி வந்துடும், நடங்க" என்று பயமுறுத்தி அனுப்பினால் நாலு நாளைக்கு மேல் போகமாட்டார்.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 40 நிமிடம் வரை நடந்தது. மற்ற குழுவுக்குப் பெரும்பாலும் கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகள். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதாக ஆகச் சுருங்கும். நடந்தவர்களுக்கு அது 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது.

தினம் பத்தாயிரம் காலடி (ஸ்டெப்ஸ்) நடந்தே தீரவேண்டும் என்றும் இல்லை. பிரிட்டனில் 78,000 பேரின் நடையை வைத்து 2022இல் வந்த ஆய்வில், தினம் 3,800 காலடி நடந்தவர்களுக்கே டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு கால் பங்கு குறைவாக இருந்தது. நடந்ததால்தான் குறைந்தது என்று அந்த ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 3,800 என்பது வயதானவர்களுக்கு எட்டுகிற எண்ணிக்கை.

எங்கள் அம்மாவைக் கோவை ரேஸ் கோர்ஸுக்குக் கூட்டிப்போனோம். நல்ல நடைபாதை, மர நிழல், எல்லாம் இருந்தும் இரண்டாம் நாளே "ஒரே வட்டத்தைச் சுத்த நானென்ன செக்கு மாடா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். சரி என்று விட்டுவிட்டோம். அப்புறம் அவராகவே பூ மார்க்கெட்டுக்கு நடக்க ஆரம்பித்தார். உதிரி மல்லியை ஒரு கை அள்ளி, மொட்டு இறுகலாக இருக்கிறதா என்று பார்ப்பார். முகூர்த்த நாள் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார், பேரம் பேசுவார், மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவார். போகிற வழியில் நாலு பேரிடம் நின்று பேச்சு. காலோடு சேர்ந்து கண்ணுக்கும் கணக்குக்கும் வாய்க்கும் வேலை. அவரை நாங்கள் யாரும் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை. வருடக்கணக்கில் நிலைப்பது இப்படி ஆசைப்பட்டுப் போகிற நடைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று பாருங்கள். டீக்கடை பேப்பரோ, கோயிலோ, பழைய ஆபீஸ் நண்பர் வீடோ, எதுவானாலும் சரி. பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். வழுக்காத, பின்பக்கம் பிடிப்புள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு கிளம்புவது நல்லது, நம் ஊர் நடைபாதைக் குழிகள் இருட்டில் தெரியாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் நடக்கும்போது சர்க்கரை இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ள சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும்.

பழகிய தெருவிலேயே வழி தடுமாறினாலோ, பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்தித்தான் பதில் சொல்ல முடிகிறது என்றாலோ, வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.