பரணைக் காலி செய்ய மாமியார் விடவில்லை என்ற சகோதரிக்கு

வணக்கம். போகிக்குள் பரணை ஒழிக்க வேண்டும், மாமியார் ஒரு டப்பாவைக்கூடத் தூக்கிப்போட விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரையே கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். போன மார்கழியில் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். கறுத்துப்போன பித்தளை அண்டாவைப் புளியும் உப்பும் போட்டு அத்தை தேய்க்கத் தேய்க்க, விளிம்பில் அவர் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது தெரிந்தது. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அப்புறம் மூடியில்லாத டப்பாக்கள், ஓட்டை விழுந்த இரும்பு வாளி எல்லாவற்றையும் அவரே எடைக்குப் போட்டுவிட்டார்! சாயங்காலம் துடைத்த பரணைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஏறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், டயர் எதையும் போகியில் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது.