டர்போ வண்டிக்கு மாறலாமா? நெல்லைச் சீமைக் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டர்போவை, அதாவது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளிப் பலம் கூட்டும் கருவியைப் பற்றியே இருக்கின்றன. எத்தனை பி.எஸ். (குதிரைத்திறன்) என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். தினமும் எந்த ரோட்டில் ஓட்டுகிறோம் என்று எழுதியவர்கள் குறைவு. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

என்னிடம் 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்) இருக்கிறது, ஆட்டோமேட்டிக். 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வெர்ட்டஸ் 1.5 டர்போ வாங்கக் கை அரிக்கிறது. "இதுவே நல்லாத்தான ஓடுது" என்கிறார்கள் வீட்டில். யார் சொல்வது சரி அண்ணாச்சி? — பாளையங்கோட்டை வாசகர்

வீட்டில் சொல்வதில் முக்கால் பங்கு சரி.

உங்கள் 1.2 லிட்டர் இன்ஜின் 105 பி.எஸ்., முறுக்குவிசை (இழுவை) 175 நியூட்டன் மீட்டர். வெர்ட்டஸ் 1.5-இல் 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர். இரண்டு கணக்கிலும் 43 சதவீதம் கூடுதல். ஆனால் வெர்ட்டஸ் நீளமான செடான், எடையும் கூட. போலோ பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட 9.7 வினாடி ஆகும் என்று கம்பெனி சொன்னது. வெர்ட்டஸுக்கு அது ஒன்பதை ஒட்டி வரும். சிக்னலில் நின்று கிளம்பும்போது அந்த வித்தியாசத்துக்கு இத்தனை லட்சமா என்றுதான் தோன்றும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. திருச்செந்தூர் சாலையில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் ஒரு பஸ்ஸின் பின்னால் அறுபதில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எதிரே கொஞ்ச தூரம் காலி. அறுபதிலிருந்து தொண்ணூறுக்குப் போய், முந்தி, திரும்பவும் இடப்பக்கம் வந்துவிட வேண்டும். 1600 ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்று) முதல் 3500 வரை 250 நியூட்டன் மீட்டரும் ஒரே சீராகக் கிடைக்கும் இன்ஜினில் அந்த வேலை சட்டென்று முடியும். அதே வண்டியை நாகர்கோவில் நாலுவழிச் சாலையில் நாங்குநேரி டோலைத் தாண்டி ஓட்டிப் பாருங்கள். போலோவே அங்கே சும்மா போகும். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் நாகர்கோவில் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு அவசரம்?

இன்னொன்று கியர்பாக்ஸ். பழைய போலோ என்றாலே டி.எஸ்.ஜி. என்ற ஆட்டோமேட்டிக் பெட்டியின் மேல் பயம் எல்லோருக்கும் உண்டு. உலர் கிளட்ச் உள்ள ஏழு கியர் பெட்டி அது. தட்டுகளைக் குளிர்விக்க ஆயில் கிடையாது. ஆனித் தேரோட்ட சமயத்தில் டவுன் ரதவீதிப் பக்கம் மாட்டிக்கொண்டு, பிரேக்கை லேசாக விட்டு விட்டு நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடாகும். ஆனால் வெர்ட்டஸ் 1.5 ஆட்டோமேட்டிக்கிலும் இருப்பது அதே வம்சத்துப் பெட்டிதான். அது தாங்கக்கூடிய முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். இன்ஜின் கொடுப்பதும் 250. பழைய பயத்தை விட்டு ஓடுவதாக நினைத்து அதே பயத்தைப் புது விலையில் வாங்க வேண்டாம். மேனுவல் கியரோடு 1.5 கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

சரி, காசு. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டர் தாண்டிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். முன்பு செஸ்ஸும் சேர்த்து இந்த ரக வண்டிக்கு 45 வந்தது, ஆக கொஞ்சம் குறைவுதான். தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. பதினெட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 3 லட்சத்து 24 ஆயிரம் வரி மட்டும். வண்டியை விற்கும்போது இந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

இப்போதைக்கு நல்ல டயர் நாலு, ஸ்பார்க் பிளக், சஸ்பென்ஷன் புஷ், கியர்பாக்ஸை கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு பரிசோதனை. பத்து வருஷ போலோவின் களைப்பில் பாதி, தேய்ந்த புஷ்ஷிலும் காய்ந்த டயரிலும்தான் இருக்கும். கிளட்ச் மாற்ற வேண்டும் என்று பெரிய பில் வந்தால் கதை வேறு. போலோ 2022-லேயே இங்கே நின்றுபோன வண்டி, அதில் போய்ப் பெரிய தொகை இறக்க வேண்டாம். அன்றைக்கு மாறுங்கள்.

2018 ஸ்விஃப்ட் பெட்ரோல். குடும்பத்தோடு புனலூர் வழியாகக் கேரளா அடிக்கடி போவோம், ஐந்து பேர். மேட்டில் ஏ.சி.யை அணைக்க வேண்டியிருக்கிறது. ஐ20 என் லைன் மாதிரி டர்போ எடுத்தால் சரியாகுமா? மாஞ்சோலைக்கும் போக ஆசை. — அம்பாசமுத்திரம் வாசகி

இந்தத் தொகுப்பில் தயங்காமல் "மாறுங்கள்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்கள் ஸ்விஃப்ட் 83 பி.எஸ். அதன் முழு இழுவை 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4200 ஆர்.பி.எம்.மில். மேட்டில் ஐந்து பேரோடு யாரும் அவ்வளவு சுற்ற விடுவதில்லை, சத்தத்துக்குப் பயந்து மேல் கியருக்கு மாற்றிவிடுவோம். வண்டி திணறும், கை ஏ.சி. பொத்தானுக்குப் போகும். என் லைனின் ஒரு லிட்டர் டர்போ 172 நியூட்டன் மீட்டரை 1500-இலேயே கொடுக்கத் தொடங்கி 4000 வரை விடாது. புளியரை எஸ் வளைவு மாதிரி இடத்துக்கு வேண்டியது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. 1500-க்குக் கீழே அது வெறும் மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் இன்ஜின். சைலன்ஸருக்குப் போகிற புகை டர்பைனைச் சுழற்றி, அது இன்னொரு பக்கம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளினால்தான் பலம் வரும். புகை போதாவிட்டால் டர்போ தூங்கும். வளைவில் முன்னால் லாரி நின்று, இரண்டாம் கியரில் முள் ஆயிரத்தை நோக்கி இறங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று பாயும். முதல் கியருக்கு இறக்கக் கூச்சப்படாதீர்கள். டெஸ்ட் டிரைவை நெல்லை வண்ணார்பேட்டையைச் சுற்றி முடித்துத் தருவார்கள். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தால் ஒழிய முன்பணம் கட்டாதீர்கள்.

மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும், சாதாரண இன்ஜினும் அந்த அளவு சோர்ந்துபோகும். டர்போ அந்தக் குறையைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடும். ஆனால் அந்த ரோடு புலிகள் காப்பகத்துக்குள் போகிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. அந்த ஒரு ரோட்டை நினைத்து வண்டி வாங்க வேண்டாம்.

நாலு மீட்டருக்குள், 1200 சிசி.க்குள் இருக்கும் பெட்ரோல் வண்டி என்பதால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். வேரியன்ட் எடுக்கும்போது பத்து லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 9.90 லட்சத்துக்கு 13 சதவீத லைஃப் டாக்ஸ், அதாவது 1,28,700. 10.10 லட்சம் என்றால் 18 சதவீதம், 1,81,800. சன்ரூஃபுக்காக இருபதாயிரம் கூடக் கொடுத்தால் வரி ஐம்பத்து மூவாயிரம் எகிறும்.

தூத்துக்குடியில் 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்று விலைக்கு வருகிறது. 230 பி.எஸ்., வெளியே பளபளவென்று இருக்கிறது, விலையும் நான் நினைத்ததைவிடக் குறைவு. எடுக்கலாமா? — திசையன்விளை வாசகர்

நல்ல வண்டி. 2025-இல் வந்த 265 பி.எஸ். ஆர்.எஸ். ஐம்பது லட்சத்தை ஒட்டி விலை, அப்போது இந்தியாவுக்கு ஒதுக்கியதே நூறு வண்டி. அதனால் பழையதைத் தேடுவது நியாயம்தான்.

விலை குறைவு என்பதுதான் உறுத்துகிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் நம் பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, சீட் துணி மாற்றி, பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்தவையும் உண்டு.

பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். சீட் பெல்ட்டை முழுக்கக் கடைசி வரை இழுங்கள். தினமும் உருளைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள், வண்டல் ஏறியிருந்தால் மங்கலான கோடு தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் விரலால் துழாவுங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா, கால்மிதி விரிப்புக்குக் கீழே இருக்கும் பஞ்சில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் டார்ச் அடித்தால் ஒயர் முனைகளில் பச்சை பூத்திருப்பது தெரியும். டர்போ வண்டியில் இன்னொரு இடமும் உண்டு. டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்க முன்பக்கம் தாழ இருக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் அது இயல்பு. மண் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடு உடனே காட்டிக்கொடுக்காது, சில மாதம் ஓடிய பிறகுதான் பிளாக்கை உடைத்துக்கொண்டு வரும்.

சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் வரலாறும், பழைய இன்ஷூரன்ஸில் கிளைம் ஏதும் எடுத்தார்களா என்ற விவரமும் கேளுங்கள். விற்பவர் தர மறுத்தால் அதுவே பதில்.

நான் மருத்துவர். 2.7 லிட்டர் போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருக்கிறேன். டர்போவோடு பிறகு வந்த பாக்ஸ்டர் 718-க்கு மாறினால் லாபமா? — திருநெல்வேலி வாசகர்

வேண்டாம் டாக்டர். உங்களுடையது டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், 265 பி.எஸ். 718-இல் நாலு சிலிண்டர் 2.0 டர்போ, 300 பி.எஸ்., 380 நியூட்டன் மீட்டர். வேகத்தில் 718 ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் ஏழாயிரம் ஆர்.பி.எம். பக்கம் உங்கள் இன்ஜின் போடுகிற சத்தம் புதியதில் இல்லை. அந்தக் குறை உலகம் முழுக்கச் சொல்லப்பட்டு, கடைசியில் அந்தக் கம்பெனியே மேல்ரக 718-களில் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் 4.0 லிட்டரைத் திரும்பக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மட்டும் வெளியே எடுக்கும் வண்டி என்கிறீர்கள். அந்தச் சத்தத்துக்காகத்தானே எடுக்கிறீர்கள்?

டர்போ வண்டியை நிறுத்தியதும் ஐந்து நிமிஷம் ஐடிலில் விட வேண்டும் என்கிறார் எங்கள் மெக்கானிக். — வள்ளியூர் வாசகர்

அது பழைய காலத்துப் பாடம். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரைகூடப் போகும், பேரிங்கைக் காப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். சூட்டோடு அணைத்தால் ஆயில் அங்கேயே நின்று கருகும் என்பதால் அப்படிச் சொன்னார்கள். இன்றைய பெட்ரோல் டர்போக்களில் பேரிங்கைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. சிலவற்றில் சாவியை எடுத்த பிறகும் மின்சார பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறி போன் செய்பவர்கள் உண்டு. நாலுவழிச் சாலையில் விரட்டி வந்தால் வீட்டுக்கு முந்தைய ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள், நின்றதும் அரை நிமிஷம் போதும். அதைவிட முக்கியம், காலையில் எடுத்தவுடனே முறுக்காமல் இருப்பது. ஆயிலும் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடாக இருக்கட்டும், மாற்றும் தேதியை இழுக்காதீர்கள்.

2021 போலோ 1.0 டி.எஸ்.ஐ. மேனுவல். புது வண்டிக்கு வசதி இல்லை, ரீமேப் செய்தால் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிப் பலம் கூட்டினால்) பாதிச் செலவுகூட இல்லாமல் வேலை முடியுமே? — கோவில்பட்டி வாசகர்

முடியும் தம்பி. ஆனால் அந்தக் கூடுதல் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) முதலில் சந்திப்பது உங்கள் கிளட்ச். நாலாம் கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். அடுத்தது சூடு. மே மாத மதியம் நம் ஊர்க் காற்றை இழுக்கும் இன்ஜினில் இன்டர்கூலர் சீக்கிரமே திணறும். கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்ற பலத்தைத் தானே குறைக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பலம் வெயிலில் இருக்காது. வாரன்டி பாக்கி இருந்தால் போய்விடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் கிளைமில் சிக்கல் வரும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஓட்டும் சுகம்தான் வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் நல்ல டயர், பிரேக் பேட், புது பிரேக் ஆயில் போட்டுக்கொண்டு ஒரு டிராக் நாள் கோவை செட்டிபாளையத்துக் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போய்வாருங்கள். 2.1 கிலோமீட்டர்தான் சுற்று. 110 பி.எஸ்.ஸையே அங்கே முழுசாகப் பயன்படுத்த முடியவில்லை என்பது தெரியும். பைபாஸ் ரோட்டில் மட்டும் வேண்டாம், ராத்திரியில் மாடு படுத்திருக்கும்.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) டர்போவுக்கு ஆகுமா? — தென்காசி வாசகர்

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் கவலை இல்லை, குழாய், ரப்பர் எல்லாம் அதற்கேற்ப வந்தவை. எத்தனாலின் ஆக்டேன் (அழுத்தத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு) கூடுதல், உள்ளே போகும்போது குளிர்ச்சியும் தரும், டர்போவுக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ10-லிருந்து இ20-க்கு வரும்போது கணக்குப்படி மூன்று, நாலு சதவீதம் மைலேஜ் இறங்கும். பழைய வண்டி என்றால் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள், பெட்ரோல் ஹோஸ்களை சர்வீஸில் கையால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாத்தான்குளம் தேரிக்காட்டுப் பக்கம் வீடு. செம்மண் தூசி. ஏர் ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும்? — பெயர் வேண்டாம் என்ற வாசகர்

புத்தகத்தில் போட்டிருப்பதில் பாதி தூரத்தில். டர்போவில் காற்றை அமுக்கும் கம்ப்ரஸர் இறக்கைகளை அந்த மணல் அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும். கழுவி மாட்டும் ரக "ஸ்போர்ட்ஸ்" ஃபில்டர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம், கம்பெனி காகித ஃபில்டரே போடுங்கள். மாற்றும்போது பெட்டியின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். காற்று அடித்துச் சுத்தம் செய்தால் தூசி டர்போ பக்கம்தான் போகும்.