'அவன்' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

கேள்வி: சொந்தமாக ஒரு மொழி உருவாக்குகிறேன். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பது சொல்வரிசை. 'மிரு' பையன், 'லா' நான், 'ஷோ' அவன், 'தல்' பார்த்தல். பெயருக்குப் பின் 'வெ' போட்டு விளக்கம் சேர்க்கிறேன். 'மிரு வெ லா தல் ஷோ' என்றால் நான் பார்த்த பையன். கடைசி 'ஷோ' தேவையா? எல்லா இடத்திலும் போடலாமா?

பதில்: எல்லா இடத்திலும் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 'மிரு வெ ஷோ தல் ஷோ' என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பையன் பார்த்தவனா, பார்க்கப்பட்டவனா? இரண்டு பொருளும் வருகிறது. விளக்கப்படும் பெயரே எழுவாயானால் 'ஷோ' கூடாது என்று விதி வையுங்கள். அப்போது 'மிரு வெ தல் ஷோ' யாரையோ பார்த்த பையன். 'மிரு வெ ஷோ தல் ஷோ' யாரோ பார்த்த பையன் மட்டுமே.

விளக்கப்படும் பெயர் செயப்படுபொருளானால், 'ஷோ' போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வினைக்குப் பின் இடம் காலியாக இருப்பதே பொருளைக் காட்டிவிடும்.

உண்மையான தேவை அடுத்த படியில்தான். 'பெ' என்பது 'உடன்', 'நுகு' பேசுதல் என்று வைத்துக்கொள்வோம். 'மிரு வெ லா நுகு பெ ஷோ': நான் பேசிய பையன். 'ஷோ'வை எடுத்தால் 'பெ'க்குப் பிடிமானம் இல்லை. அதையும் எடுத்தால் பையனோடு பேசினீர்களா, பையனைப் பற்றியா என்பது தெரியாது. நம் பெயரெச்சத்தில் தினமும் நடப்பதுதான்: 'நான் வந்த ஊர்' என்றால் ஊருக்கு வந்தேனா, ஊரிலிருந்தா? உருபு விழுந்துவிடுகிறது, சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். அந்த உருபைத் தாங்கத்தான் மீண்டும் ஒரு 'அவன்'. உடைமைக்கும் அப்படியே. 'கேன்' தம்பி என்றால், 'மிரு வெ லா தல் கேன் ஷோ', எவன் தம்பியை நான் பார்த்தேனோ அந்தப் பையன். இதில் 'ஷோ' இல்லாவிட்டால் தம்பி யாருடையவன் என்றே தெரியாது.

ஹீப்ரு கிட்டத்தட்ட இப்படித்தான். 'ஹா-ஈஷ் ஷெ-திபார்த்தி இத்தோ', நான் பேசிய ஆள். 'இத்தோ' என்றால் அவனோடு, அதை விட முடியாது. செயப்படுபொருளில் விடலாம். நேரடி எழுவாயில் மீண்டும் 'அவன்' வராது.

எந்த இடத்தில் உள்ள பெயரை இப்படி விளக்குவது எளிது, எதை விளக்குவது கடினம் என்று கீனன், காம்ரி என்ற மொழியியலாளர்கள் இருவரும் 1977இல் வரிசைப்படுத்திய ஏணி இது: எழுவாய், செயப்படுபொருள், மறைமுகச் செயப்படுபொருள், பிற வேற்றுமைகள், உடைமை, ஒப்பீடு. படிக்கு ஒன்றாக ஆறு வாக்கியம் எழுதுங்கள். 'ஷோ' ஒரு படியில் கட்டாயமானால் கீழ்ப்படிகளிலும் வைத்திருங்கள். நடுவில் விட்டால் மொழி செயற்கையாகத் தெரியும்.

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' கதைகளுக்காக உருவாக்கிய கிளிங்கன் மொழியில் எப்படி?

பதில்: அதை உருவாக்கிய மார்க் ஒக்ராண்ட் அங்கே மீண்டும் 'அவன்' வைக்கவில்லை. வினையில் 'போக்' விகுதி, மற்றது சொல்வரிசை. செயப்படுபொருள் முன்னால், எழுவாய் கடைசியில் வரும் மொழி அது. ஆகவே 'கிப்புபோக் யாஷ்' அவனை அடித்த அதிகாரி, 'யாஷ் கிப்புபோக்' அவன் அடித்த அதிகாரி. தமிழில் வெறும் 'அடித்த அதிகாரி' இரண்டுக்கும் பொருந்தும். இரு பெயர்களும் வந்தால், விளக்கப்படும் பெயரோடு 'எ' சேர்க்கலாம், நம் தேற்றேகாரம் ('அவனே' என்பதில் வரும் 'ஏ') மாதிரி.