ஆத்து மீன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, என் மச்சான் கனடால பிரிட்டிஷ் கொலம்பியால இருக்கான், ஆத்துல சால்மன், ஸ்டீல்ஹெட்னு பிடிச்சு போட்டோ அனுப்புதான். நம்ம குழித்துறை ஆத்துல தூண்டில் போட்டா கிடைக்குமா? ரெண்டும் ஒரே மீனா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கிடைக்காது தம்பி, நம்ம ஆத்துத் தண்ணி அதுக்கு சூடு. ஸ்டீல்ஹெட்னா வேற ஒண்ணுமில்ல, ரெயின்போ ட்ரவுட்தான், ஆத்துல பொரிச்சு கடலுக்குப் போய் வளந்து முட்டை போட திரும்ப ஆத்துக்கே ஏறி வரும். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சில ட்ரவுட் குஞ்சு பொரிக்கிற பண்ணை இருக்கு, ஆனா அது கடலையே பாக்காத மீன். சால்மனும் இப்படித்தான் ஏறும், ஆனா பசிபிக் சால்மன் முட்டை போட்டதும் செத்துரும், ஸ்டீல்ஹெட்ல சிலது பிழைச்சு கடலுக்கு இறங்கி மறுபடியும் வரும், அதனாலயே எனக்கு அது மேல தனி மரியாதை.

மச்சான்ட்ட ஒண்ணு சொல்லுங்க. ஸ்டீல்ஹெட் மாட்டுனா முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல சதையா ஒரு குட்டித் துடுப்பு இருக்கான்னு பாக்கணும், பண்ணைல வளத்து விட்டதுக்கு அத முன்னமே வெட்டியிருப்பாங்க, அந்த இடத்துல ஆறின தழும்பு இருந்து, அந்த ஆத்துல அனுமதியும் இருந்தாதான் வீட்டுக்கு எடுக்கலாம். துடுப்பு முழுசா இருந்தா அது காட்டு மீன், கரைக்கு இழுத்துப் போட்டு போட்டோ எடுக்காம தண்ணிக்குள்ள வச்சே முள்ளக் கழட்டி விட்டுரணும்.

நம்ம விலாங்கு இதுக்கு நேர் எதிர், ஆத்துல வளந்து முட்டை போட கடலுக்குப் போவும், குஞ்சு தேங்காப்பட்டணம் பொழிமுகம் வழியாத்தான் உள்ள ஏறணும். தடுப்பணை கட்டுறப்ப மீன் ஏற வழி விடச் சொல்லி உங்க ஊர்க்காரங்க கண்டிப்பா கேக்கணும்.