அட்வான்ஸில் 43,300 ரூபாய் பிடித்தம்: புது ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தோம். கடைசியில் மாத வாடகை 16,000. அட்வான்ஸ் 1,50,000, அதில் ஒரு லட்சம் வங்கி வழியாக, 50,000 ரொக்கமாகக் கொடுத்தோம். முதல் 11 மாதத்துக்கு 20 ரூபாய் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் போட்டோம், பதிவு செய்யவில்லை. பிறகு எல்லாமே வாய்ப்பேச்சு. இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டுக் காலி செய்து, சாவி கொடுத்து இரண்டரை மாதம் ஆகிறது. பெயிண்டிங் 32,000, பாத்ரூம் கதவு உப்பியதற்கு 9,000, கரண்ட் பில் 2,300 போக 1,06,700 தருவாராம் வீட்டுக்காரர். அதுவும் புதிதாகக் குடிவருபவர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதானாம். என்ன செய்வது?

பதில்: புதிதாக ஆள் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாங்கிய அட்வான்ஸை வீட்டுக்காரர் வேறு எதற்கோ செலவழித்துவிட்டார் என்பதுதான் இந்தப் பேச்சின் பொருள். அது அவருடைய சிரமம்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017, 11-வது பிரிவில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு அதைத் திருப்பித் தர வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், முதலில் சொன்னதில் உள்ள அந்த 'ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற விலக்குதான்.

உங்களுக்கு உள்ள சிக்கல் வேறு. இந்தச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் முதல் ஆட்சேபணையே அதுவாகத்தான் இருக்கும். ஆகவே இதைச் சாதாரணப் பண வசூல் வழக்காகவே நினைத்துத் தயாராகுங்கள். பணம் கொடுத்தீர்கள், வீட்டை ஒப்படைத்தீர்கள், பணம் திரும்பவில்லை: வழக்கு அவ்வளவுதான். பிடித்தம் நியாயமானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது.

ரொக்கமாகக் கொடுத்த 50,000-தான் பலவீனமான இடம். ஒப்பந்தத்தில் 'அட்வான்ஸ் தொகை ரூ.1,50,000 பெற்றுக்கொண்டேன்' என்ற வரியும் அவர் கையெழுத்தும் இருந்தால், அதுவே ரசீது. முத்திரை போதாது என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். குறைந்த முத்திரைத் தீர்வையையும், அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டினால் நீதிமன்றம் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளும். அந்த வரி இல்லையென்றால் '1,06,700 தருகிறேன்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தேடுங்கள். வங்கியில் போனது ஒரு லட்சம்தான். அதற்கு மேல் தர ஒப்புக்கொள்கிறார் என்றாலே ரொக்கமும் வாங்கியிருக்கிறார் என்று ஆகிறது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு போனை மாற்றிவிட வேண்டாம். பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் தர வேண்டும்; மூலச் செய்தி போனிலேயே இருப்பது நல்லது.

இனி பிடித்தங்கள். பெயிண்டிங்கில்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன. 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளர் பக்கம் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பக்கம். 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவும், இயல்பான தேய்மானத்தைத் தவிர்த்துவிட்டுத்தான் வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்கச் சொல்கிறது. நான்கு வருடத்தில் சுவர் மங்குவது தேய்மானம். குழந்தை கிறுக்கிய சுவரும், டிவி மாட்ட ஓட்டை போட்டுப் பெயர்ந்த பூச்சும் தேய்மானத்தில் வராது. அந்தச் சுவருக்கு மட்டும் கேட்கலாம்.

உங்கள் ஒப்பந்தத்தில் 'காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பலர் படிக்காமலே கையெழுத்துப் போடும் வரி அது. இருந்தால் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். அப்போதும் ஒரு மாதம் என்பது 16,000-தான், 32,000 அல்ல. அந்தத் தொகையும் உச்சவரம்புதான்: ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, எழுதிய தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

பாத்ரூம் கதவு தண்ணீர் பட்டு உப்புவது பயன்பாட்டில் வருவது. உடைத்திருந்தால் விஷயம் வேறு. அப்போதும் பழைய கதவுக்குப் புதுக் கதவின் முழு விலையை வாங்க முடியாது. எத்தனை வருடப் பழைய கதவு என்று கேளுங்கள், கார்பென்டர் பில்லைக் கேளுங்கள். கரண்ட் பில் நீங்கள் தரவேண்டியதே. காலி செய்த நாளின் மீட்டர் ரீடிங்கையும் மின்வாரிய பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். சின்னப் பாக்கியை ஒப்புக்கொள்பவரின் பெரிய கணக்கை நீதிமன்றம் நம்பும்.

ஆக, கேட்க வேண்டிய தொகை 1,47,700. பெயிண்டிங் வரி இருந்தால், சமரசத்தில் 1,31,700 வரை இறங்கலாம். அதற்குக் கீழே இறங்குவது உங்கள் அவசரத்தைப் பொறுத்தது.

முதலில், பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் பில் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். திட்டாமல், நாலே வரியில். ஒரு வாரம் பார்த்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு வந்த தேதி, அட்வான்ஸ் கொடுத்த விதம், சாவி கொடுத்த தேதி, ஒப்புக்கொள்ளும் கழிவு, மறுக்கும் கழிவு, 15 நாள் கெடு, இவை அதில் இருக்க வேண்டும். பலர் விட்டுவிடும் ஒன்று வட்டி. ஒப்பந்தத்தில் வட்டி பேசாதபோது, வட்டி கோரப்படும் என்று எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்துதான் 1978-ன் வட்டிச் சட்டத்தின் கீழ் கேட்க முடியும். அந்த ஒரு வாக்கியம் நோட்டீஸில் இல்லையென்றால், வழக்குப் போடும் வரையான மாதங்களின் வட்டி போய்விடும்.

பதில் வராவிட்டால் உடனே வழக்கு வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத்துக்கு அவரை அழைப்பார்கள். கட்டணம் கிடையாது. அங்கே சமரசமானால் அந்தத் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. அவர் வராமலே இருந்தால் கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் அதன் குறை. அதற்குப் பிறகு சிவில் வழக்கு. நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம், உங்களுக்குச் சுமார் 4,431 ரூபாய். சாவி கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம் தாண்டவிடாதீர்கள். போலீஸ் புகாரால் அவர் ஒருமுறை ஸ்டேஷனுக்கு வரலாம்; ஆனால் இது சிவில் விவகாரம், பணத்தை வசூலித்துக் கொடுக்கும் அதிகாரம் அங்கே இல்லை.

இன்னும் காலி செய்யாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பணம் வரும்வரை சாவியைத் தராமல் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். குத்தகை முடிந்த பிறகும் வீட்டை விடாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 2017 சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைவிட, காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கோடு 'சாவி பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது மேல்.

உங்களுக்கு இன்னொரு விஷயம். நோட்டீஸ் போனதும் அவர் 1,06,700-ஐ மட்டும் அனுப்பிவைக்கலாம். வாங்கிக்கொள்ளுங்கள். 'கணக்கு முழுதும் தீர்ந்தது' என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். 'பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன், மீதி 41,000-க்கான உரிமை எனக்கு உண்டு' என்று அன்றே பதில் அனுப்பிவிடுங்கள். தவணை கேட்டால் தேதியிட்ட காசோலைகளாக வாங்குங்கள். காசோலை திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் தனியாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவில் குற்றவியல் வழக்குப் போடலாம்.