உங்கள் மகள் டெபுடி ஷெரிஃப் ஆகட்டும்

போன சனிக்கிழமை ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் இருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்திருந்தது. பெண்ணுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரிகளில் இருந்து வந்த அட்மிஷன் கடிதங்களை அம்மா ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். எல்லாமே கம்ப்யூட்டர் சயின்ஸ். மேலே இருந்தது வெளிமாநிலத் தனியார் கல்லூரி. விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். "அண்ணா, இவளுக்கு டெபுடி ஷெரிஃப் ஆகணுமாம். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார் அம்மா. அப்பா எதுவும் பேசவில்லை. ஊரில் இருக்கும் பெரியப்பா அனுப்பிய வாட்ஸப் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். "போலீஸ் வேலைக்கா அமெரிக்கா வரைக்கும் போனீங்க?"

முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன். இந்த வயதில் ஆசை மாறும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அப்புறம் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். இரண்டு வருடமாக அவள் ஷெரிஃப் அலுவலகத்தின் எக்ஸ்ப்ளோரர் குழுவில் இருக்கிறாள். 14 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கான பயிற்சிக் குழு அது. ஒரு மாலை முழுக்கக் குடும்பச் சண்டை அழைப்பை நடித்துப் பழகியிருக்கிறார்கள். "கதவைத் திறந்ததும் ரெண்டு பேரோட கையையும் பாக்கணும் அங்கிள், அப்புறம் ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சுப் பேசணும்" என்று அவள் விளக்கியபோது கைகள் தாமாகவே அசைந்தன. கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிக் கேட்டேன். "மார்க் வரும், அங்கிள்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த அப்பா அம்மாவுக்கு நேரில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், டாக்டருக்குப் படிப்பதற்கு முந்தைய ப்ரீ-மெட் இரண்டைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் அவற்றைப் பேசாத நாளில்லை.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். 'ஷெரிஃப்' என்றதும் உங்கள் தலைமுறைக்குச் சென்னை ஷெரிஃப் நினைவுக்கு வரலாம். 1998 வரை இருந்த அது ஒரு கௌரவப் பதவி. இங்கே நிலைமை வேறு. டெக்சஸில் 254 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றிலும் ஷெரிஃபை மக்களே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள்தான் டெபுடிகள். நகர எல்லைக்கு வெளியே இருக்கும் பகுதிகளில் சிட்டி போலீஸ் கிடையாது. கேட்டி என்று முகவரி போடும் வீடுகளில் பெரும்பகுதி அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்து 911 அடித்தால் வாசலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு டெபுடியாகத்தான் இருப்பார். வாரண்டை நிறைவேற்றுவது, கோர்ட்டில் காவல் நிற்பது, கைதிகளை அழைத்துப் போவது எல்லாம் அவர்கள் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கவுண்டி ஜெயில்.

ஜெயில் என்றதும் அம்மாவின் முகம் மாறியது. பல ஷெரிஃப் அலுவலகங்களில் புதிதாகச் சேருபவர்கள் முதலில் ஜெயிலில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று நான் சொன்ன இடம் அது. அதனாலேயே அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

கவுண்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, வழக்கு விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள். டெக்சஸ் விதிப்படி 48 கைதிகளுக்கு ஓர் அதிகாரியாவது இருக்க வேண்டும். 60 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு கைதியையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணமோ மனநோயோ இருக்கலாம் என்று தெரிந்தவர்கள் இருக்கும் பகுதியில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு டிக் அடிப்பதற்குப் பெயர் பார்ப்பதல்ல. போர்வைக்குள் இருப்பவரின் மார்பு ஏறி இறங்குகிறதா, முந்தைய சுற்றில் பேசியவர் இப்போது ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சாப்பாட்டுத் தட்டு ஏன் தொடாமல் இருக்கிறது என்று கவனிப்பதுதான் பார்ப்பது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உங்கள் பக்கத்துக் கவுண்டியே பாடமாகக் கற்றது. கேட்டி நகரம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுண்டிகளிலும் கால் வைத்திருக்கிறது. 2015 ஜூலையில் சாலையில் கைதான சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண், மூன்று நாள் கழித்து வாலர் கவுண்டி ஜெயிலில் இறந்து கிடந்தார். பிரேதப் பரிசோதனையில் தற்கொலை என்று முடிவானது. மணிக்கொரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்ற விதியை அந்த ஜெயில் பின்பற்றவில்லை என்று மாநில ஜெயில் தர ஆணையம் குறிப்பிட்டது. அவர் பெயரிலேயே 2017-இல் சட்டம் வந்தது. மனநலப் பயிற்சியும், சுற்று வந்ததைப் பதிவு செய்யும் மின்னணுக் கருவிகளும் அதற்குப் பிறகு வந்தவை. உங்கள் மகள் மாதிரி கையைப் பார், முகத்தைப் பார் என்று யோசிக்கும் ஒருத்தி அந்த நடைபாதையில் நடப்பதைக் கேவலம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சரி, தகுதிக்கு வருவோம். உரிமம் கொடுப்பது டெக்சஸ் சட்ட அமலாக்க ஆணையம். எல்லோரும் டீகோல் என்பார்கள். டெபுடியாக 21 வயது ஆக வேண்டும். கல்லூரியில் 60 கிரெடிட், அதாவது சுமார் இரண்டு ஆண்டுப் படிப்பு, முடித்திருந்தால் 18 வயதிலேயே உரிமம் பெறலாம் என்கிறது விதி. ஆனாலும் பல அலுவலகங்கள் 21 வேண்டும் என்றே கேட்கும். ஜெயில் பணிக்கு 18 வயதும் பள்ளிப் படிப்பும் போதும். டெபுடிக்கான அடிப்படைப் பயிற்சி 700 மணி நேரத்துக்கும் மேல். குற்றச் சட்டம், கைது விதிகள், துப்பாக்கி, கார் ஓட்டுதல், நெருக்கடியில் இருப்பவரைப் பேசி அமைதிப்படுத்துதல் எல்லாம் அதில் உண்டு. அதற்குப் பிறகு மாநிலத் தேர்வு. மூன்று முறைக்குள் தேறாவிட்டால் பயிற்சியை மறுபடி முதலில் இருந்து படிக்க வேண்டும். உடல் பரிசோதனை, போதைப்பொருள் பரிசோதனை, உளவியல் பரிசோதனை, கைரேகை ஆகியவையும் உண்டு.

இவற்றை விடக் கடினமானது ஒன்று இருக்கிறது. தன் வாழ்க்கை வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதித் தரும் படிவம் அது. குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், வண்டி ஓட்டி வாங்கிய அபராத டிக்கெட்கள் எல்லாவற்றையும் விசாரணை அதிகாரி சரிபார்ப்பார். தவறு செய்தவர்களை விட அதை மறைத்தவர்கள்தான் இங்கே அதிகம் அடிபடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் கண்டிப்பாகச் சொன்னது இதுதான். நண்பர்கள் கொடுக்கும் வேப் பேனாவை, அந்த மின் சிகரெட்டை, தொடாதே. டெக்சஸில் கஞ்சா சாறு உள்ள வேப் ஒரு கிராமுக்குக் குறைவாக வைத்திருந்தாலும் ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். ஒரு பார்ட்டி இரவு உன் உரிமத்தை வாழ்நாளுக்கும் மூடிவிடக்கூடும்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒன்று. இந்தப் பெண் இங்கேயே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். உங்கள் பிள்ளை எச்-4 விசாவில், அதாவது உங்கள் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசாவில், இருந்தால் இந்தக் கதவு இப்போது திறக்காது. பிள்ளை ஆசையை வளர்த்துக்கொள்ளும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மனசில்லாத படிப்புக்கு நான்கு ஆண்டில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொட்ட உங்களிடம் பணம் இல்லை. வீட்டின் மேல் கடன் வாங்கலாம் என்று அப்பா சொன்னார். வாங்காதீர்கள். கேட்டியில் இருந்து கார் ஓட்டிப் போகும் தூரத்திலேயே கம்யூனிட்டி காலேஜ், அதாவது செலவு குறைந்த இரண்டு ஆண்டு அரசுக் கல்லூரி, இருக்கிறது. மாநிலம் முழுவதும் செல்லும் 42 கிரெடிட் பொதுப் பாடங்களை அங்கே முடித்து, 60 கிரெடிட் வரை சேர்க்கட்டும். வீட்டிலிருந்தே போய் வரட்டும். பிறகு ஹன்ட்ஸ்வில்லில் உள்ள சாம் ஹூஸ்டன் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய அதன் குற்றவியல் நீதிக் கல்லூரி நாட்டிலேயே பழமையானவற்றில் ஒன்று. அவசரமாகப் பட்டம் வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. டெபுடியாகச் சேர்ந்த பின் குற்றவியல் நீதிப் பாடங்களைப் படித்தால், அரசுக் கல்லூரிகளில் டியூஷன் விலக்கு தரும் சட்டம் டெக்சஸில் உண்டு. டெபுடிக்கான அடிப்படைப் பயிற்சி தரும் அகாடமிக்கும் நீங்கள் காசு கட்டத் தேவையில்லாமல் போகலாம். ஷெரிஃப் அலுவலகமே கேடட்டாக, அதாவது பயிற்சியாளராக, எடுத்தால் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் வரும்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டீர்கள். நாடு முழுக்க போலீஸ், ஷெரிஃப் ரோந்து அதிகாரிகளின் இடைநிலை ஆண்டு வருமானம் 2023-இல் 72 ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட் உட்படப் பெரும்பாலான கவுண்டிகள் சேர்ந்திருக்கும் ஓய்வூதியத் திட்டத்தில், ஊழியர் போடும் பணத்துக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி சேர்கிறது. ஓய்வு பெறும்போது கவுண்டியும் தன் பங்கைச் சேர்க்கும். 21 வயதில் தொடங்கும் பெண்ணுக்கு அது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"அப்போ கொஞ்ச நாள் இருந்துட்டு எஃப்.பி.ஐ. போயிடலாம் இல்லையா?" என்றார் அம்மா. போகலாம். பட்டமும் இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் 23 வயதும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் உறவினர்களிடம் சொல்வதற்கு ஒரு பெரிய பெயர் வேண்டும் என்பதற்காக அவளை இப்போதே அங்கே தள்ளாதீர்கள். அவள் கேட்டது கதவைத் தட்டிப் போகும் வேலை.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஹாரிஸ் கவுண்டியின் முதல் சீக்கிய டெபுடி சந்தீப் சிங் தாலிவால். அவரும் ஜெயில் பணியில்தான் தொடங்கினார். தலைப்பாகையோடும் தாடியோடும் ரோந்து போக 2015-இல் அவருக்கு அனுமதி கிடைத்தது. 2019 செப்டம்பர் 27 அன்று ஒரு காரை நிறுத்தி விசாரித்துவிட்டுத் திரும்பி நடந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 42, மூன்று குழந்தைகளின் தகப்பன். ஹூஸ்டனில் ஒரு தபால் நிலையத்துக்கு இன்று அவர் பெயர். இதை உங்களிடம் மறைத்துவிட்டு நான் ஆலோசனை சொல்ல முடியாது. இரவு ஷிஃப்ட், பண்டிகை நாளில் பணி, புது ஷெரிஃப் ஜெயித்தால் பழைய டெபுடியை வைத்துக்கொள்ளாமல் விடக்கூடிய கவுண்டிகள் எல்லாம் உண்மை. அதனால் சேரும் முன் அந்தக் கவுண்டியில் காரணமில்லாமல் வேலையை விட்டு எடுக்க முடியாதபடி சிவில் சர்வீஸ் பாதுகாப்பு இருக்கிறதா என்று அவள் விசாரிக்க வேண்டும்.

அதே நேரம் இதையும் பாருங்கள். மனநெருக்கடியில் இருக்கும் ஒருவரிடம் போகும் ஹாரிஸ் கவுண்டி டெபுடி, கையில் இருக்கும் டாப்லெட்டில் ஒரு மனநல நிபுணரை நேரடியாக அழைத்துப் பேச வைக்க முடியும். ஜெயிலுக்கா, மருத்துவமனைக்கா, வீட்டிலேயே விட்டுவிடலாமா என்று அந்த வாசலிலேயே முடிவாகிறது. அப்படிப்பட்ட ஒரு வாசலில் ஆங்கிலம் வராமல் நடுங்கிக்கொண்டு நிற்பவர், ஊரில் இருந்து வந்திருக்கும் யாரோ ஒருவரின் அம்மாவாக இருக்கலாம். "பயப்படாதீங்கம்மா, உக்காருங்க" என்று தமிழில் சொல்ல ஒரு டெபுடி அங்கே இருந்தால் எவ்வளவு நல்லது.

பெரியப்பாவுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். வேண்டுமானால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். இந்த வாரம் இரண்டு வேலை இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் விண்ணப்பத்தையும் நிதியுதவிப் படிவத்தையும் அவளோடு உட்கார்ந்து நிரப்புங்கள். அடுத்த எக்ஸ்ப்ளோரர் கூட்டத்துக்கு அவளை இறக்கிவிட்டுப் பார்க்கிங்கில் காத்திருக்காமல், இருவரும் உள்ளே போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள்.